புதுக்குப்புறம்

சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுக்களைப் பொறுமையுடன் படித்துப் பார்ப்பவர்களுக்கு, அக்காலத்தில் தர்மம் செய்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்துச் செய்தார்கள் என்பது வரிக்கு வரி விளங்கும். நந்தவனத்துக்கென்று ஒரு நிலத்தை விடுவார்கள். மடத்தில் அன்னமிடுவதற்கென்று வேறொரு நிலத்தை விடுவார்கள். ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை ஒப்படைத்து, அவற்றில் கிழடானதும் இறந்ததும் போக எண்ணிக்கை குறையாமல் இடையன் காத்துவந்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டுமென்று விதித்து, அந்த மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயரும் சூட்டுவார்கள். இவ்வளவு ஏற்பாடுகளுக்கும் நடுவே, படிப்பவர் கண்ணில் எளிதில் படாமல், ‘புதுக்குப்புறம்’ என்று ஒரு சொல் வரும். கோயிலில் ஏதேனும் இடிந்தால், ஒழுகினால், சரிந்தால், அதைப் பழுதுபார்த்துப் புதுக்குவதற்காக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரியைப் பராமரிப்பதற்கு விட்ட நிலத்தை ‘ஏரிப்பட்டி’ என்றார்கள். விளக்குக்கு நெய் கொடுத்தவனுக்குக் கிடைத்த புண்ணியம், விளக்கு நிற்கும் மண்டபத்தின் விரிசலை அடைப்பதற்குப் பொருள் கொடுத்தவனுக்கும் உண்டு என்ற நம்பிக்கை அந்தச் சமுதாயத்தில் இருந்தது.

இன்றைய தர்ம ஸ்தாபனங்களைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்லே நினைவுக்கு வருகிறது. அநாதைக் குழந்தைகளை வளர்ப்பவை, முதியோரைப் பேணுபவை, கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கற்பிப்பவை என்று நாடெங்கும் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அரிசி கொடுக்க ஆள் உண்டு, துணி கொடுக்க ஆள் உண்டு, பிறந்த நாளன்று வந்து ஒரு வேளை விருந்தளிக்கவும் ஆள் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் கூரை ஒழுகும்போது ஓடு மாற்றவோ, கணக்கெழுதத் தெரிந்த ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தவோ பணம் கேட்டால், கொடுப்பவர்களின் முகம் சற்றே மாறிவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே உலகத்தின் பல இடங்களில் இரண்டு வகையான நிதியுதவிகள் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. ஒன்று அவசரகால நிதியுதவி. மற்றொன்று தொழில்நுட்ப உதவி நிதி. இவ்விரண்டும் நிறுவனம் செய்யும் சேவைக்காக அல்லாமல், சேவை செய்யும் நிறுவனத்துக்காகவே கொடுக்கப்படுபவை என்பதுதான் இவற்றின் விசேஷம்.

அவசரகால நிதியின் இலக்கணத்தை அறிந்துகொள்வது கடினமன்று. தீப்பிடித்தது, வெள்ளம் புகுந்தது, திருட்டுப் போயிற்று, வருஷக்கணக்காக உதவிவந்த ஒரு புரவலர் முன்னறிவிப்பின்றி நிறுத்திவிட்டார் என்பது போன்ற, எதிர்பாராமல் நேர்ந்த ஒரு சம்பவத்தால் நிறுவனத்தின் அன்றாடப் பணியே நின்றுபோகும் நிலை வந்தால், பெரும்பாலும் ஒரேயொரு தடவைக்கென்று, அதிகமில்லாத ஒரு தொகையை, மாதக்கணக்கில் காக்க வைக்காமல் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கொடுத்துவிடுவது அது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும், அதில் நீங்கள் எவ்வளவு புரட்டுவீர்கள், பணம் கிடைத்தால் எந்தத் தேதியில் மறுபடியும் கதவு திறப்பீர்கள் என்ற கேள்விகளுக்கு இரண்டு மூன்று பக்கங்களில் பதில் எழுதினால் போதும். பல ஆண்டுகளாகச் சேர்ந்துவந்த கடனை அடைக்க இந்த நிதி பொதுவாகக் கிடைக்காது. முதுகில் கட்டி வந்தவனுக்கும் மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் வைத்தியம் வேறு என்பதைக் கொடுப்பவர்கள் அறிந்தே இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள்.

தொழில்நுட்ப உதவி என்ற பெயர்தான் சிலரை மயங்கச் செய்கிறது. ஏதோ இயந்திரம் வாங்கிக் கொடுப்பதென்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் 1949 ஜனவரி 20-ல் பதவியேற்றபோது ஆற்றிய உரையில், வளர்ச்சி பெறாத நாடுகளுக்குப் பணத்தோடு அறிவையும் கொடுக்க வேண்டுமென்று கூறிய திட்டத்தினால் உலகமெங்கும் பரவிய அந்தச் சொற்றொடர், காலப்போக்கில் நாடுகளிலிருந்து இறங்கித் தெருக்கோடியிலுள்ள சிறு சங்கங்கள் வரை வந்து சேர்ந்தது. ஒரு நல்ல ஆடிட்டரின் கட்டணம், கணக்கு எழுதுவதற்கான மென்பொருள், அதைப் பயன்படுத்த ஊழியருக்குப் பயிற்சி, அறங்காவலர்களுக்குச் சட்டப்படி என்னென்ன பொறுப்புக்கள் உண்டு என்று சொல்லிக்கொடுக்க ஒரு வழக்கறிஞர், முப்பது வருஷம் நிறுவனத்தை நடத்திய ஸ்தாபகர் தளர்ந்து ஓயும்போது அவருக்குப் பின் யார் என்பதைச் சண்டையின்றித் தீர்மானிக்க ஒரு நடுநிலையாளர், இவையெல்லாம் அந்த உதவியில் அடங்கும். ஆலோசகர்கள் கொடுத்த அழகான அறிக்கைகள் பல அலுவலகங்களின் அலமாரியில் கட்டுக் குலையாமல் கிடப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆகையால் நிறுவனம் தானே உணர்ந்து கேட்ட உதவிக்கும், கொடுப்பவர் தம் விருப்பப்படி அனுப்பிவைத்த உதவிக்கும் உள்ள தூரம் பெரிது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இப்படிப்பட்ட நிதிகள் தோன்றுவதற்கு முன்னால், கொடுப்பவரின் விருப்பமே சாசனமாக இருந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. செயின்ட் லூயிஸ் நகரத்தின் மேயராக இருந்த பிரையன் முல்லன்பி என்ற செல்வர் 1851-ல் காலமானபோது, மேற்குப் பிரதேசங்களில் குடியேறுவதற்காகப் போகும் வழியில் அந்நகரத்துக்கு வந்து சேரும் ஏழைப் பிரயாணிகளின் துயர் துடைப்பதற்கென்று தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதைவிட அவசியமான தர்மம் அந்த ஊரில் இருந்திருக்க முடியாது. ஆனால் ரயில் வந்தது, கூண்டு வண்டிகள் மறைந்தன, குடியேற்றமும் ஓய்ந்தது. பணம் இருந்தும், சாசனத்திற் கண்ட ஏழைப் பிரயாணி இல்லாமற் போனான். பக்கத்துத் தெருவிலேயே பசித்திருந்த வேறு ஏழைகளுக்கோ சாசனத்தில் இடமில்லை. இறந்தவரின் கை, இருப்பவர்களின் தேவையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த விபரீதத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர்களில் ஒருவர், கிளீவ்லாந்து நகரத்தில் வழக்கறிஞராக இருந்து வங்கித் தலைவரான பிரெடரிக் காஃப். பலர் விட்டுச்செல்லும் தர்மச் சொத்துக்களை ஒன்றாகச் சேர்த்து, அதன் வருமானத்தை அந்தந்தக் காலத்துத் தேவைக்கேற்ப ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்று செலவழிக்கட்டும் என்ற எண்ணத்துடன் அவர் 1914-ல் கிளீவ்லாந்து அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஓர் ஊருக்குப் பொதுவான அறநிதி என்ற முறை அங்கிருந்துதான் மற்ற நகரங்களுக்குப் பரவியது. நெகிழ்ந்து கொடுக்கக்கூடிய பணம் இருந்தால்தானே அவசரத்துக்கு உதவ முடியும்?

நியூயார்க்கில் நடந்த வேறொரு நிகழ்ச்சி இதைவிட எளியது. எனக்கு மிகவும் பிடித்தது. எழுபதுகளின் இறுதியில் எண்ணெய் விலை ஏறியபோது, அந்நகரத்துத் தொண்டு நிறுவனங்கள் பழைய கட்டிடங்களில் பழைய கொதிகலன்களை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக வைப்பதற்கே திண்டாடின. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் பணம் கொடுத்தவர்கள், அந்தக் குழந்தைகள் உட்காரும் அறை குளிரில் விறைப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் கட்டிடங்களைச் செப்பனிட்டு எரிபொருட் செலவைக் குறைக்க உதவும் பொருட்டு 1980-ல் எரிசக்திச் சேமிப்பு நிதி என்று ஒன்று ஏற்பட்டது. கொதிகலன் மாற்றப் புறப்பட்டவர்கள், தொண்டு நிறுவனத்துக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, அதற்கும் மூலதனம் வேண்டும், கையிருப்பு வேண்டும் என்பதை நாளடைவில் கண்டுகொண்டு, ‘நான்பிராஃபிட் ஃபைனான்ஸ் ஃபண்ட்’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் கடனும் ஆலோசனையும் வழங்கும் ஸ்தாபனமாக வளர்ந்துவிட்டார்கள்.

கையிருப்பு ஏன் இல்லாமற் போகிறது என்ற கேள்விக்கு, 2009-ல் ‘ஸ்டான்ஃபோர்ட் சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ’ என்ற சஞ்சிகையில் ஆன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை தெளிவான விடை கூறிற்று. நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டுமென்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். அவருடைய மனத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத நிறுவனம், உள்ளதைக் குறைத்துக் கணக்குக் காட்டுகிறது. அந்தக் குறைந்த கணக்கைப் பார்த்தவர், இவ்வளவு போதும்போலும் என்று அடுத்த வருஷம் இன்னும் குறைக்கிறார். இப்படியே பட்டினி ஒரு சுழற்சியாகிவிடுகிறது. இதில் பொய் சொன்னவர் ஒருவர், நம்பியவர் ஒருவர் என்று பிரித்துக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்லெண்ணமுள்ள இருவர் ஒருவரையொருவர் திருப்திப்படுத்த முயன்றதில் விளைந்த கேடு இது. நம் நாட்டில் சட்டமும் இதற்குச் சிறிது துணை செய்கிறது. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும். அதற்கென்று தனி அறிவிப்புக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கக்கூடியது 15 சதவீதந்தான். பணத்தை முடக்கி வைப்பவர்களைத் தடுக்க வந்த அந்த விதி நியாயமானதே. ஆயினும் கஷ்ட காலத்துக்கென்று சேமிக்க எண்ணும் சிறு நிறுவனத்துக்கு அது ஓர் எல்லையைக் கட்டிவிடுகிறது.

2020-ஆம் ஆண்டு கொள்ளை நோய் பரவியபோது, இந்த விஷயங்களெல்லாம் ஒரே சமயத்தில் பரீட்சைக்கு வந்தன. அமெரிக்க அரசாங்கம் சிறு தொழில்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஊழியர் சம்பளத்தைக் காப்பாற்ற 34,900 கோடி டாலரை ஒதுக்கிற்று. மாதச் சம்பளச் செலவைப்போல் இரண்டரை மடங்கு கடனாகக் கிடைக்கும். விதிப்படி பெரும்பகுதியைச் சம்பளத்துக்கே செலவிட்டால் கடன் தள்ளுபடியாகிவிடும். ஏப்ரல் 3-ல் திறந்த அந்த நிதி ஏப்ரல் 16-க்குள் தீர்ந்துபோய், மாத இறுதியில் மறுபடியும் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. முதற்சுற்றில் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், வங்கி அதிகாரியோடு ஏற்கெனவே பழக்கமும், சுத்தமான சம்பளப் பட்டியலும், படிவம் நிரப்பக் கணக்காளரும் உள்ள நிறுவனங்கள் முந்திக்கொண்டன. ஏழைத் தெருக்களிலிருந்த சிறு சங்கங்கள் பலவற்றுக்கு வரிசையில் இடம் கிடைக்கவில்லை. அவசரகால நிதி யாருக்குச் சேரும் என்பது அவசரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கணக்குப் புத்தகங்களில் முடிவாகிவிடுகிறது. தொழில்நுட்ப உதவி என்பதை இரண்டாந்தரமான தேவையாக நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் சொல்ல விரும்புகிறேன்.

அதே ஆண்டில் நல்லதும் நடந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறநிறுவனங்கள், முன்பு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்த பணத்தை எந்தத் தேவைக்கும் செலவிட்டுக்கொள்ளலாம் என்று நிபந்தனைகளைத் தளர்த்தின. ஃபோர்டு அறநிறுவனம் ஜூன் மாதத்தில் 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, மூலதனத்தை விற்காமலே உதவியை அதிகரித்தது. இந்தியாவிலோ, செப்டம்பர் மாத இறுதியில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு ஆகக்கூடிய பங்கு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் முற்றிலும் நின்றது. பணம் போகும் வழி தெளிவாக இருக்க வேண்டும், வேறு காரியங்களுக்குத் திரும்பக்கூடாது என்பது அரசாங்கம் கூறிய காரணம். அந்தக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் நகரத்துப் பெரிய நிறுவனம் பெருந்தொகையை வாங்கி, தாலுகா அளவிலுள்ள சிறிய சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றின் கணக்கையும் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய வாய்க்கால் அதனால் அடைபட்டதும் உண்மையே. அடுத்த ஆண்டில் எடெல்கிவ் என்ற அறநிறுவனம் தொடங்கிய ‘க்ரோ’ நிதி, அடித்தள நிலையில் உழைக்கும் 100 நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆதரவளித்து, அவற்றின் நிர்வாகத் திறனையும் தாங்கும் சக்தியையும் வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. தேசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நூறு என்பது சிறிய எண்ணிக்கைதான். என்றாலும் ‘புதுக்குப்புறம்’ மறுபடியும் எழுதப்படுவதாக எனக்குத் தோன்றிற்று.

நம்முடைய கரையோரத்திலேயே இதற்கு ஒரு சிறந்த உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்தபோது, தமிழ்நாட்டில் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். உதவி வராமலில்லை, வந்த வேகத்தில் ஒழுங்குதான் இல்லை. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. பழந்துணிகள் உடுத்துவாரின்றிச் சாலையோரங்களில் குவிந்தன. ஒரு குப்பத்துக்கு மூன்று பேர் அரிசி கொண்டுவர, அடுத்த குப்பத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அப்போது, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பும் அந்த மாவட்டத்திலேயே பணிபுரிந்துவந்த ‘சிநேகா’ என்ற நிறுவனமும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு, 2005 ஜனவரித் தொடக்கத்தில் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுவின. அந்த மையத்தின் முதன்மையான வேலை அரிசி கொடுப்பதன்று. எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம், யாருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்ற விவரத்தைத் திரட்டி, வந்த நிறுவனங்களுக்கு வழிசொல்வது. தற்காலிக வீடு எப்படியிருக்க வேண்டும், படகு என்றால் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று, அந்த விஷயம் தெரிந்தவர்களைக்கொண்டு நெறிமுறை வகுப்பது. கடலையே பார்த்தறியாத நல்லவர்கள் பலர், கட்டுமரம் இழந்தவனுக்கும் இழக்காதவனுக்கும் ஃபைபர் படகு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், படகின் தரத்தைப் பற்றியும், கரை தாங்கக்கூடிய எண்ணிக்கையைப் பற்றியும் கேள்வி கேட்க மீனவர் சங்கத்தின் அநுபவமுள்ள ஒரு குரல் அவசியமாக இருந்தது. அந்தக் கேள்விகளுக்கு எப்போதும் செவி கிடைத்ததென்று சொல்ல முடியாது. தேவைக்கு மிஞ்சிய படகுகள் கரையேறியதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் பேரிடரின் நடுவிலேயே, உதவ வந்தவர்களுக்கு உதவுவது என்ற காரியத்தைத் தமிழ்நாட்டில் இவ்வளவு விரிவாகச் செய்துகாட்டியவர்கள் அவர்கள்தாம்.

இதை எழுதும்போது, சென்னையின் தென்கோடியில், ஆதரவற்ற முதிய பெண்கள் சிலர் வாழும் சிறிய இல்லமொன்றின் நிர்வாகக் குழுவில் நான் இருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரைபுரண்டபோது, தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடியில் ஏற்றப்பட்டதால் மூதாட்டிகள் பிழைத்தார்கள். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த ரசீதுப் புத்தகங்களும் வவுச்சர்களும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் கூழாயின. மறுநாளிலிருந்து ரொட்டியும் போர்வையும் வந்தவண்ணம் இருந்தன. கொண்டுவந்தவர்களின் அன்பை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்கவும் கழிவறைத் தொட்டியைச் சுத்தம் செய்யவும் பணமில்லை. வெள்ள நிவாரண நிதி வைத்திருந்த ஓர் அமைப்புக்கு விண்ணப்பம் செய்தோம். மூன்று வருஷத்துத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. நாங்கள் இரண்டு வருஷங்களாகத் தணிக்கையையே தள்ளிப்போட்டிருந்தோம். அதற்கு வேண்டிய வவுச்சர்களோ கூழாகிவிட்டன. கடைசித் தேதி கழிந்துவிட்டது. பிழை கொடுப்பவர்களுடையதன்று, எங்களுடையது.

அந்தச் சமயத்தில்தான், கூட்டுறவு வங்கியொன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இல்லத்துக்கு வந்தார். கையில் ரொட்டியும் போர்வையும் இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே இல்லத் தலைவியிடம் போய், “பாஸ் புத்தகம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்து வாருங்கள் அம்மா, நன்கொடை கொடுத்தவர்களின் விலாசமும் நினைவிருக்கிற மட்டும் சொல்லுங்கள்” என்றார். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம், வாரத்தில் நான்கு நாட்கள், பிற்பகலில் வந்து உட்கார்ந்து, வங்கிக் கணக்கைக் கொண்டும், நன்கொடையாளர்கள் தங்கள் வீட்டில் வைத்திருந்த ரசீதுகளைக் கேட்டு வாங்கியும், மளிகைக்கடையில் எங்கள் பெயரிலிருந்த பற்றுவரவைப் பார்த்தெழுதியும், இழந்த கணக்கைப் பெரும்பகுதி திரும்ப எழுதி முடித்தார். ஆடிட்டருக்குக் கட்டவேண்டிய தொகையை அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் கொடுத்தார். அந்தத் தொகைக்கு ரசீது எழுதும்போது எந்தத் தலைப்பில் எழுதுவதென்று இல்லத் தலைவிக்குத் தெரியவில்லை. அன்னதானம், மருத்துவம், பொது என்று மூன்று தலைப்புக்கள்தாம் எங்கள் புத்தகத்தில் அச்சிட்டிருந்தன. பெரியவர் பேனாவை வாங்கி, ‘நிர்வாகத்துக்கு’ என்று நான்காவதாக ஒரு தலைப்பைத் தம் கையால் எழுதினார்.

2020 ஏப்ரல் மாதத்தில், ஊரடங்கினால் நன்கொடைகள் அறவே நின்று, சமையற்காரிக்கும் இரவுக் காவலுக்கு இருந்தவருக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நாங்கள் மறுபடியும் ஒரு விண்ணப்பம் அனுப்ப நேர்ந்தது. மாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பை எடுத்து, வேண்டிய பக்கங்களைக் கைப்பேசியிற் படம்பிடித்து, அன்று மாலைக்குள் அனுப்பி முடித்தோம். பதினோராம் நாள் பணம் வந்தது. பெரியவர் அதற்கு முந்திய வருஷம் காலமாகிவிட்டார். புதிய ரசீதுப் புத்தகங்களில் அந்த நான்காவது தலைப்பை இப்போது அச்சிலேயே சேர்த்துவிட்டோம்.